குழந்தையின் கார் இருக்கை சிறிதாகிவிட்டது: பெரியதற்கு மாற்றும்போது முன்னோக்கித் திருப்பலாமா?

இளவேனில், தண்டையார்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகள் பிறந்தது முதல், கைப்பிடியோடு தூக்கிச் செல்லும் சிறிய கார் இருக்கையில்தான் பின்னோக்கி, அதாவது காரின் பின்பக்கம் பார்த்தபடி, பயணம் செய்கிறாள். இப்போது அவளுடைய கால்கள் காரின் பின்சீட்டுச் சாய்வில் முட்டி மடங்குகின்றன. உட்கார வைத்தாலே அழுகிறாள். பெரிய இருக்கை பார்க்கப் போன கடையில், இனி முன்னோக்கியே உட்கார வைக்கலாம் என்று சொன்னார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை மொட்டை போடுவதற்காகப் பெரியபாளையம் போகிறோம். அதற்குள் வாங்கி மாட்டியாக வேண்டும். எது பாதுகாப்பானது என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கொளத்தூர்க்காரன்

குழந்தைக்கு எத்தனை மாதம், எடை எவ்வளவு, உயரம் எவ்வளவு? கார் எந்த ஆண்டு மாடல்? இவை தெரியாமல் யார் எதைச் சொன்னாலும் அது ஊகமாகத்தான் இருக்கும்.

திருவொற்றியூர் மீனா

சகோதரி, கால் முட்டுவது இருக்கை சிறிதாகிவிட்டதற்கான அடையாளம் அன்று. குழந்தைகள் காலை மடக்கியோ, சாய்வின் மேல் தூக்கிப் போட்டோ வசதியாகவே இருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது தலையை. உச்சந்தலைக்கும் இருக்கை ஓட்டின் (கெட்டியான வெளிக்கூட்டின்) மேல் விளிம்புக்கும் இடையே எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது? அதையும் அளந்து எழுதுங்கள். இருக்கையின் பின்புறமோ பக்கவாட்டிலோ ஆரஞ்சு நிறத்தில் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். அதில் உள்ளதை அப்படியே பதிவிடுங்கள்.

சக்கரம் (மூத்த உறுப்பினர்)

இதே கேள்விக்கு இங்கே பலமுறை விரிவாக விடை எழுதியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் சிரமத்தை எடுத்துக்கொள்வதே இல்லை. குழந்தையின் உயிரைப் பற்றிய கேள்வியை இத்தனை அவசரமாக, ஒரு விவரமும் இல்லாமல் கேட்பது பொறுப்பான செயல் ஆகாது. இருக்கையோடு வந்த கையேட்டை முதலில் முழுமையாகப் படியுங்கள்; பெரும்பாலான சந்தேகங்கள் அதிலேயே தீர்ந்துவிடும்.

பெரம்பூர் லோகோ

என் கருத்தில் இதற்கு ஒரே தீர்வு ஐசோபிக்ஸ்தான். காரின் பின்சீட்டு மடிப்புக்குள் இருக்கும் இரண்டு இரும்பு வளையங்களில் இருக்கையின் கொக்கிகள் போய்ப் பூட்டிக்கொள்ளும். சரியாகப் பூட்டியதும் பச்சை அடையாளம் தெரியும். சீட் பெல்ட்டால் கட்டும் இருக்கைகளைப் பலர் தளர்வாகவே கட்டுகிறார்கள் என்பதை வாகன நிறுத்தங்களில் நானே பார்த்திருக்கிறேன். ஐசோபிக்ஸ் இல்லாத இருக்கையை வாங்காதீர்கள்.

எண்ணூர் ஓட்டுநர்

நான் பல ஆண்டுகளாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் பேசின் பாலத்திலும் கார் நகர்வதே பெரும்பாடு. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இருபது கிலோமீட்டர் வேகத்தைக்கூட எட்ட முடியாது. அந்த வேகத்துக்கு இவ்வளவு செலவு தேவையா என்று யோசியுங்கள். தாய் பின்சீட்டில் அமர்ந்து குழந்தையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டால் போதும் என்பதே என் எண்ணம்.

திருவொற்றியூர் மீனா

அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். இதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அவர்கள் போகப்போவது மாதவரம் ரவுண்டானாவைத் தாண்டி, செங்குன்றம், காரனோடை, ஜனப்பன்சத்திரம் வழியாக. அந்த வழியில் உள்ள நெடுஞ்சாலையான ஜி.என்.டி. சாலையில் எந்த வேகத்தில் வண்டிகள் போகின்றன என்பது உங்களுக்கே தெரியும். நகருக்குள் கிடைக்கும் 40 கிலோமீட்டர் வேகத்தையே எடுத்துக்கொள்வோம். அது நொடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர். மோதலில் அந்த வேகம் பத்தில் ஒரு நொடியில் பூஜ்ஜியமானால், ஒன்பது கிலோ குழந்தை 100 கிலோ எடையுள்ள பொருளைப் போலக் கையை விட்டுப் பாயும். எந்தத் தாயின் கைக்கும் அந்த வலிமை கிடையாது. தாய் பெல்ட் அணியாதிருந்தால், அவருடைய உடல் எடையும் சேர்ந்து குழந்தையை முன்சீட்டோடு வைத்து நசுக்கும்.

கொளத்தூர்க்காரன்

சட்டமும் இருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம்.

எண்ணூர் ஓட்டுநர்

சட்டம் இருப்பது எனக்கும் தெரியும். அதே குழந்தையை ஆட்டோவில் எந்த இருக்கையில் வைத்துக் கட்டுவீர்கள்? வாடகைக் காரில் குழந்தை இருக்கை கேட்டால் எத்தனை பேர் தருவார்கள்? வசதி உள்ளவர்களுக்கு மட்டும் பொருந்தும் அறிவுரையாக இது இருக்கிறதே என்பதுதான் என் வருத்தம்.

சக்கரம் (மூத்த உறுப்பினர்)

ஆட்டோவில் பெல்ட் இல்லை என்பதற்காகக் காரில் இருக்கும் பெல்ட்டையும் பயன்படுத்த வேண்டாம் என்பது முறையான வாதம் அன்று. மேலும், ஐசோபிக்ஸ் மட்டுமே தீர்வு என்று பெரம்பூர் நண்பர் சொல்வதும் பிழையே. பெல்ட்டால் பொருத்தும் இருக்கையும் மோதல் சோதனையில் தேறித்தான் சான்று பெறுகிறது. அடிப்படைகளைத் தெரிந்துகொண்டு எழுதினால் எல்லோருக்கும் நேரம் மிச்சமாகும்.

பெரம்பூர் லோகோ

சோதனைக்கூடத்தில் பொறியாளர் பொருத்துகிறார். வீட்டில் நாம் பொருத்துகிறோம். அந்த வேறுபாட்டைத்தான் நான் சொன்னேன். தவறாக மாட்டுவதற்கான வாய்ப்பு ஐசோபிக்ஸில் குறைவு என்பதை நீங்கள் மறுக்க முடியாது.

இளவேனில், தண்டையார்பேட்டை

தாமதத்துக்கு மன்னிக்கவும். மகளுக்குப் பதினொரு மாதம். எடை 9.4 கிலோ, உயரம் 75 செ.மீ. தலைக்கு மேல் ஒரு விரல் அகலம்தான் மிச்சம் இருக்கிறது. லேபிளில் ஆர்44/04 என்றும் 13 கிலோ வரை என்றும் இருக்கிறது. கார் 2013 மாடல் சிறிய ஹேட்ச்பேக். வளையங்கள் இல்லை, கையை விட்டுத் தேடிவிட்டோம். பின்சீட்டின் நடுவில் இடுப்பு பெல்ட் மட்டுமே இருக்கிறது. கடையில் காட்டிய இருக்கையின் பெட்டியில் 0 முதல் 18 கிலோ வரை என்றும், முன்னோக்கி 9 கிலோ முதல் என்றும் அச்சிட்டிருக்கிறது. முன்சீட்டில் வைத்தால் அழும்போது சமாதானப்படுத்தலாம் என்கிறார் கணவர். அது சரியா?

திருவொற்றியூர் மீனா

இப்போது தெளிவாகப் பேசலாம். எடையில் உங்கள் மகள் இன்னும் 13 கிலோவை எட்டவில்லை. ஆனால் ஓட்டின் விளிம்புக்குக் கீழே இரண்டரை செ.மீ. இடமாவது இருக்க வேண்டும் என்பதே பொதுவான அளவு. ஒரு விரல் அகலம் அதற்குப் போதாது. எனவே பெரிய இருக்கைக்கு மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது, மாற்றுங்கள். முன்னோக்கித் திருப்பாதீர்கள். இவை இரண்டும் தனித்தனி முடிவுகள். கடைக்காரர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

பெட்டியில் உள்ள 9 கிலோ என்பது, அதற்குக் குறைவான எடையில் முன்னோக்கி வைக்கவே கூடாது என்ற கீழ் எல்லை. ஒன்பது ஆனதும் திருப்பிவிட வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. அதே இருக்கையில் 13 கிலோ வரை பின்னோக்கி வைக்க இடம் இருக்கிறது. உங்கள் லேபிளில் உள்ள ஆர்44 என்ற குழந்தை இருக்கைத் தரவிதிக்குப் பிற்பாடு வந்த ஆர்129 விதி, பதினைந்து மாதம் முடியாத குழந்தையை முன்னோக்கி வைக்கவே அனுமதிப்பதில்லை. இருக்கை அனுமதிக்கும் எடையையும் உயரத்தையும் எட்டும்வரை பின்னோக்கியே வைக்கும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2018இல் பரிந்துரைத்தது.

காரணம் கழுத்து. இந்த வயதில் உடலோடு ஒப்பிட்டால் தலை மிகப் பெரியது. கழுத்து எலும்புகளில் ஒரு பகுதி இன்னும் குருத்தெலும்புதான். முன்னோக்கி இருக்கும்போது வண்டி மோதினால் தோள்களை வார் பிடித்து நிறுத்தும், தலை மட்டும் முன்னால் பாயும், அந்த முழு இழுப்பையும் கழுத்து ஒன்றே தாங்க வேண்டும். பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு எல்லாம் ஒரே நேரத்தில் ஓட்டின் மேல் அழுந்தி, தொட்டிலில் கிடப்பதுபோல் சுமை பரவிவிடும்.

முன்சீட் வேண்டவே வேண்டாம். அங்கே ஏர்பேக் இருந்து விரிந்தால், பின்னோக்கிய இருக்கையின் ஓட்டில், குழந்தையின் தலைக்கு நேர் பின்னால் அடிக்கும். அது உயிரைப் பறிக்கும். நீங்கள் பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்காருங்கள்.

கொளத்தூர்க்காரன்

பொருத்துவது பற்றி நான் சேர்க்கிறேன், ஏனெனில் என் வண்டியும் ஐசோபிக்ஸ் இல்லாததுதான். இடுப்பு பெல்ட் மட்டும் இருக்கும் நடு இடம் உங்களுக்கு ஆகாது. இந்த வகை இருக்கைக்குத் தோள்பட்டையும் சேர்ந்த மூன்று முனை பெல்ட் வேண்டும். இடப்பக்க ஜன்னல் ஓரம் வையுங்கள். இறக்கும்போதும் நடைபாதைப் பக்கமாகவே இறக்கலாம். முன்னால் உள்ள சீட்டைச் சற்று முன்னே தள்ள வேண்டியிருக்கும்.

இருக்கையின் பக்கவாட்டில் பெல்ட் நுழையும் வழிகளுக்கு வண்ணக் குறி இருக்கும். நீலம் பின்னோக்கி வைப்பதற்கு, சிவப்பு முன்னோக்கி வைப்பதற்கு. அவசரத்தில் பலர் சிவப்பு வழியில் விட்டுவிடுகிறார்கள். நீல வழியில் பெல்ட் ஓட்டின் பின்புறத்தையும் சுற்றி வர வேண்டும்; சில சிறிய கார்களில் நீளம் பற்றாமல் பக்கிள் எட்டாமல் போகலாம். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் காரைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். மாட்டிய பிறகு முழங்காலால் இருக்கையை அழுத்திக்கொண்டு பெல்ட்டை இழுத்து இறுக்குங்கள். பெல்ட் நுழையும் இடத்தைப் பிடித்து அசைத்தால் இரண்டரை செ.மீ.க்கு மேல் நகரக்கூடாது.

பெரம்பூர் லோகோ

வளையங்கள் இல்லை என்றால் கொளத்தூர் நண்பர் சொல்வதே சரி. வளையங்களைத் தனியாக வெல்டிங் செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய இருக்கையை விலை குறைவு என்று வெளியில் வாங்குவதும் வேண்டாம். அது விபத்தில் சிக்கியதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

எண்ணூர் ஓட்டுநர்

மீனா அவர்கள் சொன்ன கணக்கை யோசித்துப் பார்த்தேன். ஜி.என்.டி. சாலையில் மடியில் வைத்துப் போகலாம் என்று நான் சொல்ல மாட்டேன். வாடகைக் காரில் வரும் தாய்மார்களுக்கு என்ன வழி என்ற என் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

சக்கரம் (மூத்த உறுப்பினர்)

அந்தக் கேள்விக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பின்னோக்கி வைக்கும்போது தோள் வார்கள் குழந்தையின் தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். இறுக்கிய பிறகு தோளருகே வாரை இரு விரல்களால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் சிக்கினால் இன்னும் தளர்வு இருக்கிறது என்று பொருள். கோயிலுக்கு என்று பட்டுப்பாவாடை உடுத்தினால் வார் உடலோடு ஒட்டாது. பருத்திச் சட்டையில் அழைத்துப் போய், அங்கே உடை மாற்றுங்கள். மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய பிறகு, இருக்கை கறையாகும் என்று மடித்த துண்டைத் தலைக்குப் பின்னால் செருகுவார்கள்; அது தலையை முன்னே தள்ளும். மெல்லிய துணி ஒன்றை விரித்தால் போதும்.

திருவொற்றியூர் மீனா

வெயிலில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் இருக்கையின் மேல் வெள்ளைத் துணி போட்டு மூடிவிட்டுப் போங்கள். பக்கிளின் இரும்பு நாக்கு குழந்தையின் தொடையைச் சுட்டுவிடும். உட்கார வைக்கும் முன் உங்கள் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

இளவேனில், தண்டையார்பேட்டை

எல்லோருக்கும் நன்றி. முதலில் பார்த்த இருக்கைக்கு எங்கள் பெல்ட் எட்டவில்லை. வேறொன்றை வாசலிலேயே மாட்டிப் பார்த்து வாங்கினோம். இடப்பக்கம், பின்னோக்கி, நீல வழி. பெரியபாளையம் போய் வந்துவிட்டோம். காரனோடை தாண்டியதும் காலைச் சாய்வின் மேல் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள்.

கொளத்தூர்க்காரன்

மகிழ்ச்சி. தோள் வாரின் உயரத்தை மாதம் ஒருமுறை பார்த்து, தேவையானபோது அடுத்த துளைக்கு மாற்றுங்கள். எந்த இருக்கை என்பதையும் எழுதினால், சிறிய கார் வைத்திருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும்.