முற்றிய இலை மாறுமா?

ஏற்காட்டிலிருந்து:

எங்கள் காப்பித் தோட்டத்தில் கோடைமழைக் காற்றில் ஒரு சில்வர் ஓக் மரம் சாய்ந்துவிட, அதன் நிழலிலேயே வளர்ந்திருந்த அராபிகா செடிகள்மீது முழு வெயில் விழுந்தது. அகன்று, மெலிந்து, கரும்பச்சையாக இருந்த இலைகள் சில வாரங்களில் வெளிறி, ஆங்காங்கே கருகின. தண்ணீர் போதவில்லை என்றார் மேஸ்திரி. மண்ணில் ஈரம் இருக்கவே செய்தது. குறைந்த ஒளியையும் வீணாக்காமல் பற்றிக்கொள்ளும்படி அமைந்த இலைமீது அதனால் செலவழிக்க முடியாத அளவு ஒளி விழும்போது, பச்சையமே சிதைகிறது. முற்றிய இலையால் தன் தடிப்பையோ, காற்றும் நீராவியும் சென்றுவரும் நுண்ணிய இலைத்துளைகளின் எண்ணிக்கையையோ மாற்றிக்கொள்ள இயலாது என்பதால், மாற்றம் அடுத்து வந்த தளிர்களில்தான் தெரிந்தது. அவை சிறுத்தும் தடித்தும் இளம்பச்சையாகவும் இருந்தன.

இருவகை இலைகளின் அடிப்பக்கத்திலும் (காப்பி இலைக்கு இலைத்துளைகள் அங்கு மட்டுமே உள்ளன) நகப்பூச்சைத் தடவி, உலர்ந்தபின் உரித்து நுண்ணோக்கியில் பார்த்தேன். வெயிலில் வளர்ந்த இலையில்தான் துளைகள் நெருக்கமாக இருந்தன. நீரை இழக்கும் அபாயம் மிகுந்த இடத்தில் துளைகளும் மிகுவது முரணாகத் தோன்றலாம். ஆயினும் மிகுதியான ஒளியைப் பயன்படுத்த மிகுதியான கரியமில வாயு தேவை, அது நுழையும் வழியும் அத்துளைகளே. ஈரம் குறைந்தால் இலை அவற்றை மூடிக்கொள்ளும்.

ஆத்தூரிலிருந்து:

அமைப்பு மாறாவிட்டாலும் இலையின் நிலை மாறும் என்பதைக் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காட்டில் காணலாம். எங்கள் பக்கத்துச் சேகோ ஆலைகள் நம்பியிருக்கும் இப்பயிர், காலையில் இலைகளைச் சூரியனை நோக்கித் திருப்புகிறது. உச்சிவெயிலில் மண் வறண்டிருந்தால் அவற்றைத் தொங்கவிட்டு, நேராக விழும் வெயிலைத் தவிர்த்துக்கொள்கிறது. மண்ணில் ஈரம் இருந்தாலும் காற்று வறண்டால் இலைத்துளைகளை மூடத் தொடங்கிவிடும். வறட்சி நீடித்தால் அடியிலைகளை உதிர்த்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும். தொங்கும் இலையைக் கண்டு அவசரமாக நீர் பாய்ச்சுவோர், மாலையில் அது நிமிர்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

சேலத்திலிருந்து:

மாடித் தொட்டியில் வளரும் ரணகள்ளி, துளைகளைப் பெரும்பாலும் இரவில்தான் திறக்கிறது. அப்போது உள்வாங்கும் கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேர்த்துவைத்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அதைச் செலவிடுகிறது. இந்தியாவில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன், இவ்விலை காலையில் புளிப்பதையும் நண்பகலில் அப்புளிப்பு மறைவதையும் சுவைத்தே கண்டறிந்தார். அக்குறிப்பு 1815இல் வெளியானது. நச்சுப்பொருள்கள் உள்ள செடி என்பதால் நான் மென்று பார்க்கவில்லை. விடியற்காலையிலும் மாலையிலும் இலைச்சாற்றைப் பி.எச். தாளில் தொட்டுப் பார்த்தபோது, விடியற்காலைச் சாற்றில் அமிலத்தன்மை தெளிவாகவே மிகுந்திருந்தது.