சூப்பர்செல் இரவுப் படம்: மேகம் கரைகிறது, மின்னல் வெளுக்கிறது. உதவி தேவை

விச்சிட்டாவாசி:
வணக்கம். கன்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில் இருக்கிறேன். சென்ற வாரம் டாட்ஜ் சிட்டிக்கு மேற்கே எழுந்த சூப்பர்செல் (சுழலும் பெரிய இடிமேகம்) ஒன்றைக் காரில் தொடர்ந்து போய், இருட்டியபின் படமெடுத்தேன். நேரில் மேகம் அடுக்கடுக்காகச் சுழன்றது. அதன் வரிகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. படத்தில் வெறும் சாம்பல் நிறக் கூழ். தரையில் விழுந்த மின்னல்கள் கிளையே இல்லாத வெள்ளைத் தீற்றல்கள்.

ஷட்டர் 30 விநாடி, லென்ஸ் துளை எஃப் 2.8, ஒளியுணர்திறன் ஐ.எஸ்.ஓ. 800, 24 மி.மீ. லென்ஸ், முக்காலி. இன்னொரு தொல்லையும் உண்டு. ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கேமரா அரை நிமிடம் எதற்கும் அசைவதில்லை. நல்ல மின்னல் எல்லாம் அப்போதுதான் விழுகிறது! மெமரி கார்டு பழையது. புதிது வாங்கினால் சரியாகுமா?

சமவெளி:
கார்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள். மெனுவில் 'நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பு' என்று ஒன்று இருக்கும், அதை அணையுங்கள். அது இயங்கினால், 30 விநாடிப் படத்துக்குப் பின் கேமரா ஷட்டரை மூடியபடியே இன்னொரு 30 விநாடி இருட்டுப் படம் எடுத்து, முதல் படத்தின் இரைச்சல் புள்ளிகளைக் கழிக்கும். விண்மீன் எடுப்பவருக்கு அது வரம், நமக்குச் சாபம்.

இனி வெளுப்பு. ஒரு மின்னல் பெரும்பாலும் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். ஷட்டரை 5 விநாடி திறந்தாலும் 30 விநாடி திறந்தாலும் அந்தக் கோட்டின் பிரகாசம் ஒன்றுதான். அதைத் தீர்மானிப்பவை லென்ஸ் துளையும் ஐ.எஸ்.ஓ.வும். உங்கள் துளை அகலத் திறந்திருக்கிறது, மெல்லிய கிளைகள் வெளிச்சத்தில் மூழ்கிவிட்டன. எஃப் எண் கூடினால் துளை சுருங்கும்; எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 200 என்று தொடங்குங்கள். மின்னல் பக்கத்தில் என்றால் எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100.

மேகம் கூழானதற்குக் காரணம் ஷட்டர்தான். இரவில் அந்த மேகத்துக்கு விளக்கே அதன் உள்மின்னல்தான். வலுத்த சூப்பர்செல்லில் அது ஓயாமல் வெட்டும். 30 விநாடியில் பல திசைகளிலிருந்து வெளிச்சம் விழுந்து நிழல்களை அழித்துவிடுகிறது. அதற்குள் மேகமும் சுழன்று நகர்ந்துவிடும். ஒன்றிரண்டு வெட்டு மட்டும் விழும்படி 4 முதல் 8 விநாடிக்குள் வைத்தால் மேடு பள்ளமெல்லாம் தெரியும். தொடர் பதிவில் போட்டு, ரிமோட் பொத்தானைப் பூட்டிவிட்டுக் காருக்குள் உட்காருங்கள். முக்காலிக்குப் பக்கத்தில் நின்று மின்னலுக்குக் காத்திருப்பது வீரமல்ல.

கோடைமேகம்:
மின்னலைக் கண்டதும் ஷட்டரைத் தானே திறக்கும் மின்னல் டிரிகர் வாங்கினால் இந்தக் கணக்கே வேண்டாமே. இல்லாவிட்டால் பத்துப் படங்களைக் கணினியில் அடுக்கி ஒன்றாக்கிவிடலாம், எல்லா மின்னலும் கிடைக்கும்.

சமவெளி:
டிரிகர் பகலுக்கு நல்லது. இரவில் ஷட்டர் எப்படியும் திறந்தே கிடக்கிறது, டிரிகருக்கு வேலை இல்லை. அடுக்குவது எனக்குப் பிடிக்காது. மேகம் சுழல்வதால் ஒரு படத்தின் விளிம்பு அடுத்ததோடு பொருந்தாது. அந்த வானம் எந்த நொடியிலும் இருந்த வானமல்ல. அழகுக்காகச் செய்கிறவர்கள் செய்யட்டும்.

விச்சிட்டாவாசி, புயலுக்கு எந்தப் பக்கம் நின்றீர்கள்?

விச்சிட்டாவாசி:
வடகிழக்கில். அது என்னை நோக்கி வந்தது, நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். மழை பிடித்துக்கொண்டது, கொஞ்சம் ஆலங்கட்டியும்.

ரேடார்விழி:
பாதிக் கூழ் அந்த மழைத்திரை. இங்கே சூப்பர்செல் பெரும்பாலும் கிழக்கு, வடகிழக்காக நகரும். மழையையும் ஆலங்கட்டியையும் முன்னால் வடகிழக்கில் கொட்டும். ஈரக்காற்றை உள்ளிழுத்து மேலே அனுப்பும் சுழற்பகுதி பின்னால், தென்மேற்கு ஓரத்தில், மழையில்லாத அடிப்பரப்போடு இருக்கும். அதைப் பார்க்கத் தென்கிழக்கில் நிற்க வேண்டும். முழு உருவமும் வேண்டுமென்றால் 20, 30 கிலோமீட்டர் விலகியே நில்லுங்கள், 24 மி.மீ. போதும்.

ஆனால் வலுத்த செல் வலப்பக்கம் திரும்பித் தென்கிழக்காக, அதாவது உங்களை நோக்கியே இறங்கும். தெற்கே போகத் தார்ச்சாலை இருக்கிறதா என்று பார்த்த பிறகே முக்காலியை விரியுங்கள். கன்சாஸ் மண்சாலை நனைந்தால் சக்கரம் சுற்றும், கார் நகராது. ரேடாரைப் பார்த்து நூலிழையில் தப்பலாம் என்றும் எண்ணாதீர்கள், திரையில் தெரிவது சில நிமிடம் பழைய படம். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் சூறாவளி (டொர்னாடோ) சட்டென்று திசை மாறி, 4 கிலோமீட்டருக்கு மேல் அகலமாக விரிந்தது. டிம் சமராஸ், அவர் மகன் பால், உடன்சென்ற கார்ல் யங் மூவரும் அதில் இறந்தார்கள். அனுபவமில்லாதவர்கள் அல்லர், சூறாவளி ஆய்வே அவர்கள் வேலை. அதுவும் இருட்டும் முன்பே. இரவில் உங்களுக்கு மின்னல் வெட்டும் நொடியில்தான் எதுவும் தெரியும்.

விச்சிட்டாவாசி:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு தென்கிழக்கில் நின்று எஃப் 5.6, 6 விநாடியில் எடுத்தேன். கிளைகள் வந்துவிட்டன! மேகத்தின் வரிகளும் தெரிகின்றன. கேமரா இப்போது இடையில் நிற்பதில்லை. ஆனால் முதல் பத்து நிமிடப் படங்களில் நடுவில் மட்டும் பால் படர்ந்ததுபோல் மங்கல், பிறகு தானே சரியாகிவிட்டது. ஃபோகஸ் பிழையா?

சமவெளி:
ஃபோகஸ் என்றால் தானே சரியாகாது. ஏ.சி. காரில் குளிர்ந்த லென்ஸை மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்றில் நீட்டினீர்கள், கண்ணாடியில் பனி படர்ந்தது. நிற்கும் இடத்துக்குக் கால் மணி நேரம் முன்பே ஏ.சி.யை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். லென்ஸ் முன்னால் வடிகட்டி இருந்தால் கழற்றுங்கள், மின்னலின் பிம்பம் அதில் பட்டு எதிர்ப்பக்கம் பச்சைப் புள்ளியாக விழும். ஃபோகஸுக்குத் தொலைவிலுள்ள தானியக் கிடங்கின் விளக்கைத் திரையில் பெரிதாக்கிக் கையால் கூர்மையாக்கி, வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.

ரேடார்விழி:
ஜூலையில் ஜெட் காற்றோட்டம் (உயரத்தில் வேகமாக ஓடும் காற்று) வடக்கே ஏறிவிடும், சூப்பர்செல்லைத் தேடி நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டா வரை ஓட வேண்டியிருக்கும். ஓக்லஹோமாவின் நார்மனிலுள்ள புயல் முன்கணிப்பு மையத்தின் வரைபடத்தைக் காலையிலேயே பார்த்துவிட்டு அலுவலகத்தில் விடுப்பு சொல்லுங்கள்.