மறு: ‘ஃப்ளாப்பி ஐரிஸ்’: தொய்வா, துவளலா?

> கண்புரை அறுவையின் இடர்க்காரணிகளில் ‘இன்ட்ராஆபரேட்டிவ் ஃப்ளாப்பி ஐரிஸ் சிண்ட்ரோம்’ வருகிறது. ‘தொய்வுக் கருவிழி நோய்’ எனலாமா?

வணக்கம் ஐயா.

மூன்று சொல்லுமே இடறுகின்றன. ‘கருவிழி மாற்று’, ‘கருவிழிப் புண்’ என்று தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் சொல்வதெல்லாம் கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கார்னியாவை. கண்பாவையைச் சுற்றியுள்ள நிற வளையமான ஐரிசுக்கு இலங்கையில் ‘கதிராளி’ என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்வோம்.

கொடி தொய்வது தன் எடையால். இங்கே நடப்பது வேறு. 2005-இல் சாங், கேம்ப்பெல் இருவரும் விவரித்த அடையாளங்கள் மூன்று: அறுவையின்போது கண்ணுக்குள் பாய்ச்சும் நீரின் சாதாரண ஓட்டத்துக்கே கதிராளி ஈரத்துணிபோல அலையும், கீறல் வழியே வெளியே பிதுங்கும், சொட்டு மருந்தால் விரிந்த கண்பாவை போகப்போகச் சுருங்கும். சிறுநீர்ப்பை வாயைத் தளர்த்தக் கொடுக்கும் டாம்சுலோசின் மாத்திரை, கண்பாவையை விரிக்கும் தசையையும் தளர்த்திவிடுவதே முக்கியக் காரணம். விறைப்பு போய், பட்ட விசைக்கெல்லாம் வளைந்துகொடுப்பது துவளல்தான். ஆகவே ‘துவள்கதிராளி’.

‘நோய்’ வேண்டாம். அறுவை மேசையில்தான் இது வெளிப்படும். முழுப்பெயர் ‘அறுவையிடைத் துவள்கதிராளிக் கூட்டறிகுறி’; நோயாளிக்கான கையேட்டில் ‘துவள்கதிராளி’ போதும்.

---

மறு: மறு: ‘ஃப்ளாப்பி ஐரிஸ்’

துவள்கதிராளிக்கு என் ஆதரவு. கண்பாவையை விரித்துப் பிடிக்கும் ஐரிஸ் ஹூக்கையும் ‘கதிராளிக் கொக்கி’ என்றே எழுதிவிடலாம்.

கையேட்டில் டாம்சுலோசின் பற்றிய கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பது இன்னும் முக்கியம். ‘புரோஸ்டேட் மாத்திரை’ என்று கேட்டால் பெண்கள் விடுபடுவார்கள். சிறுநீர்க்குழாய்க் கல் இறங்கவும் இதே 0.4 மி.கி. மாத்திரையைத் தருகிறார்கள். ‘நீர் மாத்திரை’ என்றால் கால் வீக்கத்துக்குச் சாப்பிடுவதைச் சொல்வார்கள். ‘இப்போது’ என்று மட்டும் கேட்பதும் தவறு: நிறுத்திப் பல மாதங்கள் ஆனவர்களுக்கும் கதிராளி துவளலாம். அதனால்தான் அறுவைக்கு முன் நிறுத்துவதை நம்ப முடியாது. தானாக நிறுத்தினால் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும்.

முன்பே தெரிந்தால் மருத்துவர் கண்பாவையை விரிக்கும் ஃபெனைலெஃப்ரின் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்துவார், கொக்கியோ விரிப்பு வளையமோ எடுத்துவைப்பார், நீரோட்டத்தைக் குறைப்பார். கண்பாவையைப் பிடித்துவைக்காமல் வெறுமனே இழுத்து விரிப்பது இங்கே பயன்படாது, ரப்பர்போலத் திரும்பிவிடும். தெரியாமல் தொடங்கினால் லென்ஸ் பையின் பின்சுவர் கிழிந்து அதன் பின்னுள்ள விழிக்கூழ் முன்னே வரும் ஆபத்து கூடுகிறது.

என் வரைவு: “சிறுநீர் தடையின்றிப் போகவோ, சிறுநீரகக் கல் இறங்கவோ, இப்போதோ முன்போ மாத்திரை சாப்பிட்டதுண்டா? மாத்திரை அட்டை இருந்தால் கொண்டுவாருங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.”