பிரான்சுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: முதல் வாரத்திலேயே "இல்லை" சொல்லப் பழகுங்கள்

பாரிசுக்கும் அதன் புறநகர்களுக்கும் அண்மையில் வந்து சேர்ந்திருக்கும் தம்பிமார், தங்கைமாருக்காக இதை எழுதுகிறேன். லியோனிலோ துலூசிலோ இருப்பவர்களுக்கும் பொருந்தும். பிரெஞ்சு வகுப்பில் "போன்ஜூர்" (வணக்கம்), "மெர்சி" (நன்றி), "ஜெ மாப்பெல்" (என் பெயர்) என்று தொடங்குவார்கள். அவை தேவைதான். ஆனால் அதே வாரத்தில் எதிர்மறை வாக்கியத்தையும் கையோடு கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் நான் மிக உறுதியாக இருக்கிறேன். புரியாத தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கும் முதலாளியிடம், பிள்ளையின் தட்டில் மாட்டிறைச்சி வைக்கும் பள்ளி உணவகத்தில், "கடிதம் அனுப்பிவிட்டோமே" என்று சொல்லும் அலுவலகத்தில், "இல்லை" என்று தெளிவாகச் சொல்லத் தெரியாதவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருகிறார். பிறகு அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் அலைகிறார். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாசப்பலில் காய்கறி வாங்கவும் முடி வெட்டவும் தமிழே போதும். கார் து நோர் நிலையத்தைத் தாண்டினால் போதாது.

ஒரு முன்குறிப்பு. பிரெஞ்சு ஒலிகளை இங்கே தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். மூக்கொலிகள் நம் எழுத்தில் முழுமையாக வராது. "ரியான்", "பான்" போன்ற சொற்களின் இறுதியில் நான் எழுதும் "ன்" நாக்கு படாமல் மூக்கில் முடிய வேண்டும். பிரெஞ்சுக்காரர் ஒருவர் சொல்லக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

அடிப்படை எளிது. வினைச்சொல்லுக்கு முன்னால் "ந", பின்னால் "பா". "ஜெ கொம்ப்ரான்" என்றால் எனக்குப் புரிகிறது. "ஜெ ந கொம்ப்ரான் பா" என்றால் புரியவில்லை. தமிழர் தடுமாறுவது வேறோர் இடத்தில். "போகவில்லை" என்ற ஒரே சொல் நமக்கு நான், நீ, அவர்கள் எல்லாருக்கும் பொருந்தும். "இல்லை" சேர்ந்ததும் வினையிலிருந்து ஆள் மறைந்துவிடுகிறது. பிரெஞ்சில் மறைவதில்லை. "ஜெ ந வே பா", "வூ நாலே பா", "இல் ந வொன் பா" என்று ஆளுக்கேற்ப வினை மாறியே தீரும். அதனால் வாக்கியத்தை முதலில் நேராகச் சொல்லிப் பாருங்கள். வினை சரியாக வந்த பிறகு இரண்டு பக்கமும் "ந", "பா" வையுங்கள்.

வினை உயிரொலியில் தொடங்கினால் "ந" அதோடு ஒட்டிக்கொள்ளும். "ஜெ நே பா" (என்னிடம் இல்லை), "ஜெ நபித் பா இசி" (நான் இங்கே வசிக்கவில்லை). இந்த இரண்டாவது வினையை நீங்கள் கடித உறையின் மேலும் பார்க்கலாம்: "நபித் பா ஆ லாத்ரெஸ் ஆன்திகே", அதாவது "குறிப்பிட்ட முகவரியில் வசிக்கவில்லை". இதைச் சுருக்கி என்.பி.ஏ.ஐ. என்பார்கள். தபால் பெட்டியில் உங்கள் பெயர் இல்லையென்றால் பிரெஃபெக்துர் (வதிவிட அட்டை வழங்கும் அரசு அலுவலகம்) கடிதமும் காஃப் (குடும்ப உதவித்தொகை அலுவலகம்) கடிதமும் இப்படித் திரும்பிப் போய்விடும். உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்கள் இன்றே பெட்டியில் பெயரை ஒட்டுங்கள். முகவரி எழுதும்போது உங்கள் பெயருக்குக் கீழே "ஷே" (இன்னார் வீட்டில்) என்று போட்டு வீட்டுக்காரர் பெயரை எழுதுங்கள். இலக்கணத்தைவிட இது அவசரம்.

தமிழில் நமக்கு இல்லை, அல்ல, மாட்டேன், முடியாது, தெரியாது, வேண்டாம், கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு. பிரெஞ்சு ஒரே "ந... பா"வை வைத்துக்கொண்டு நடுவில் வினையை மட்டும் மாற்றுகிறது. முடியாது என்பதற்கு "ஜெ ந பெ பா". விருப்பமில்லை என்பதற்கு "ஜெ ந வெ பா". கடையில் இதைச் சொன்னால் முரட்டுத்தனமாகக் கேட்கும், "நொன், மெர்சி" (வேண்டாம், நன்றி) போதும். ஒரு செய்தி தெரியாது என்றால் "ஜெ ந சே பா". ஆளையோ ஊரையோ தெரியாது என்றால் "ஜெ ந கொனே பா".

"கூடாது" என்பதில் மட்டும் நின்று நிதானியுங்கள். "இல் ஃபோ" என்றால் செய்ய வேண்டும். அதற்கு எதிர்மறை "செய்ய வேண்டியதில்லை" என்றுதானே இருக்க வேண்டும் என்று தோன்றும். அப்படியில்லை. "இல் ந ஃபோ பா" என்றால் செய்யவே கூடாது. மருந்துக் கடையில் "இல் ந ஃபோ பா ப்ரான்த்ர் ச மெதிகமான் ஆ ஜன்" என்று சொன்னால், இந்த மருந்தை வெறும் வயிற்றில் எடுக்கக் கூடாது என்று எச்சரிக்கிறார்கள். "வெறும் வயிற்றில் எடுக்க வேண்டியதில்லை, எப்படியும் எடுக்கலாம்" என்று எடுத்துக்கொண்டால் வயிறு புண்ணாகிவிடலாம். "தேவையில்லை" என்பதற்கு அவர்கள் சொல்வது "ச நே பா லா பென்" அல்லது "ச நே பா நெசெசேர்". இந்த இரண்டையும் ஒருபோதும் கலந்துவிடாதீர்கள்.

அடுத்து "பா த". ஒரு பொருளே இல்லை, ஒன்றை உண்பதே இல்லை என்று சொல்லும்போது பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் அன், யுன், து, தே என்ற சிறுசொற்கள் எல்லாம் போய் "த" மட்டும் நிற்கும். "ஜெ நே பா த த்ராவாய்" (வேலை இல்லை), "ஜெ நே பா தான்ஃபான்" (பிள்ளைகள் இல்லை). பள்ளியில் சொல்ல வேண்டியது: "மொன் ஃபீஸ் ந மான்ஜ் பா த வியான்த்", மகன் இறைச்சி சாப்பிடுவதில்லை. மகளென்றால் "மா ஃபீய்". மாட்டிறைச்சி மட்டும் வேண்டாமென்றால் "பா த பெஃப்". பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே இதைச் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். பிடித்தது, பிடிக்காதது பற்றிப் பேசும்போது ல, லா, லே என்ற சிறுசொற்கள் மாறாது: "ஜெ நேம் பா ல ஃப்ரொமாஜ்". "ச நே பா" என்று தொடங்கும் வாக்கியங்களிலும் மாற்றமில்லை: "ச நே பா அன் ப்ரொப்லெம்".

இனி வருவதுதான் தமிழருக்கு மிக முக்கியம். பாடநூல்கள் இதை அரை வரியில் முடித்துவிடுகின்றன.

"நீங்கள் திருமணம் ஆனவர் இல்லையா?" என்று தமிழில் ஒருவர் கேட்டால், ஆகாதவர் "ஆமாம், இல்லை" என்கிறார். கேட்டவர் சொன்னது சரி என்று நாம் ஒத்துக்கொள்கிறோம். பிரெஞ்சுக்காரர் அப்படிப் பதில் சொல்வதில்லை. அவருக்குக் கேள்வி எந்த வடிவில் வந்தாலும் உண்மை நிலை என்ன என்பதே பதில். "வூ நெத் பா மாரியே?" என்று கேட்டால், ஆகாதவர் "நொன்" என்பார். ஆனவர் "வுய்" (ஆம்) என்று சொல்லமாட்டார், "சி" என்பார். எதிர்மறைக் கேள்வியை மறுத்து "அப்படியில்லை, ஆகிவிட்டது" என்று சொல்வதற்கென்றே அந்த மொழியில் இருக்கும் தனிச்சொல் "சி". நாம் பழக்கத்தில் "வுய்" என்றால் எதிரில் இருப்பவர் குழம்புவார். பொறுமையுள்ளவர் மறுபடி கேட்பார். அவசரத்தில் இருப்பவர் தமக்குப் புரிந்ததைப் பதிந்துவிடுவார். திருமணம், பிள்ளைகள் பற்றிய விவரம் கோப்பில் ஒருமுறை தவறாக ஏறிவிட்டால், பின்னாளில் மனைவியையோ கணவரையோ அழைக்க விண்ணப்பிக்கும்போது அது வந்து குறுக்கே நிற்கும்.

ஆகவே கேள்வியில் "பா" என்ற ஒலி காதில் விழுந்தால் "வுய்" என்ற சொல்லையே எடுக்காதீர்கள். "நொன்" அல்லது "சி" சொல்லிவிட்டு முழு வாக்கியத்தையும் சேருங்கள். "வூ நாவே பா த ரெசெபிசே?" (வதிவிட அட்டைக்கு விண்ணப்பித்ததற்கான பற்றுச்சீட்டு உங்களிடம் இல்லையா?) என்றால், இல்லாதவர் "நொன், ஜெ நான் நே பா", இருப்பவர் "சி, ஜெ லே". முழு வாக்கியம் இருந்தால் முதல் சொல் தவறினாலும் பொருள் தவறாது.

சைவம் உண்பவர்கள் இதை மறுபக்கத்திலிருந்தும் பழக வேண்டும். பேக்கரியில் கீஷை (முட்டையும் பாலாடையும் சேர்த்துச் சுடும் உப்புப் பண்டம்) காட்டி "இல் நியா பா த வியான்த் ததான்?" (உள்ளே இறைச்சி இல்லையே?) என்று கேட்கிறீர்கள். "சி" என்று பதில் வந்தால் இறைச்சி இருக்கிறது என்று பொருள். கீஷ் லொரேனில் பன்றி இறைச்சித் துண்டுகள் எப்போதும் உண்டு. மெல்லச் சொல்லப்படும் அந்த ஒற்றை எழுத்தைத் தவறவிடக் கூடாது.

இதோடு சேர்ந்த ஒன்று: ஒருவர் "எனக்குப் புரியவில்லை" என்றால் "எனக்கும்தான்" என்பதற்கு "முவா ஓசி" வராது, "முவா நொன் ப்ளு" என்றே சொல்ல வேண்டும்.

"பா" இருக்கும் இடத்தில் வேறு சொற்களும் வரும். "ரியான்" (ஒன்றுமில்லை), "ஜாமே" (ஒருபோதும் இல்லை), "பெர்சொன்" (யாரும் இல்லை), "ப்ளு" (இனி இல்லை). இவை வந்தால் "பா" வெளியேறிவிட வேண்டும். இரண்டையும் சேர்ப்பது நம்மவர் பேச்சில் நான் அடிக்கடி கேட்கும் பிழை. "ப்ளு" பற்றி ஒரு எச்சரிக்கை. மாலையில் பேக்கரியில் "இல் நியா ப்ளு த பான்" என்றால் ரொட்டி தீர்ந்துவிட்டது. அதே சொல் "கூடுதல்" என்ற பொருளிலும் வரும். அப்போது பெரும்பாலும் இறுதியில் "ஸ்" ஒலிக்கும், "ப்ளுஸ்". தீர்ந்துவிட்டது என்னும்போது "ஸ்" ஒலிக்காது.

நடந்து முடிந்ததைச் சொல்லும்போது "ந... பா" துணைவினையைச் சுற்றி நிற்கும்: "ஜெ நே பா ரெசு ல குரியே", கடிதம் எனக்கு வரவில்லை. இன்னும் வரவில்லை என்றால் "ஜெ நே பா ஆன்கோர் ரெசு மா கார்த்". அலுவலக வரிசையில் இதைவிடப் பயன்படும் வாக்கியம் இல்லை. "ரியான்" நடுவில் வரும், "ஜெ நே ரியான் ரெசு". "பெர்சொன்" மட்டும் கடைசிக்குப் போய்விடும், "ஜெ நே வு பெர்சொன்". "ஜெ நே கன் ஆன்ஃபான்" என்பது எதிர்மறை போல ஒலித்தாலும் "ஒரே ஒரு பிள்ளை உண்டு" என்றுதான் பொருள். இதை இப்போதைக்குக் காதால் அறிந்துகொண்டால் போதும்.

ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "உணவகத்தில் கூட வேலை செய்பவர்கள் யாரும் 'ந' சொல்வதே இல்லை. வகுப்பில் மட்டும் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்?"

நீங்கள் கேட்டது சரி, தங்கையே. பேச்சில் "ந" பெரும்பாலும் விழுந்துவிடும். "ஜெ ந சே பா" சுருங்கி "ஷே பா" ஆகிவிடும். "செ பா க்ராவ்" (பரவாயில்லை), "யா பா" (இல்லை), "யா ப்ளு" (தீர்ந்துவிட்டது) என்றுதான் நாள் முழுவதும் கேட்பீர்கள். இது சோம்பலால் வந்ததன்று. பழைய பிரெஞ்சில் "ந" தனியாகவே மறுப்பைச் சுமந்தது. அதற்கு வலுவூட்ட வந்த "பா" நாளடைவில் முழுச் சுமையையும் வாங்கிக்கொள்ள, "ந" மெலிந்துவிட்டது. டேனிய மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1917இலேயே இந்தப் போக்கை விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே கேட்கும்போது "பா"வைத் தேடுங்கள், "ந"வுக்காகக் காத்திருக்காதீர்கள். எழுதும்போது மட்டும் "ந"வை ஒருநாளும் விடாதீர்கள். அலுவலகத்துக்கு எழுதும் மின்னஞ்சலிலும் தேர்வுத் தாளிலும் அது இல்லையென்றால் பிழைதான். 2026 ஜனவரி 1 முதல் பிரெஞ்சு மொழித் தேர்ச்சி நிலை பல ஆண்டு வதிவிட அட்டைக்கு ஏ2, பத்தாண்டு அட்டைக்கு அதைவிட உயர்ந்த பி1, குடியுரிமைக்கு இன்னும் உயர்ந்த பி2 என்று பொது விதி உயர்ந்திருக்கிறது. விதிவிலக்குகள் உண்டு, அகதித் தகுதி பெற்றவர்கள் தங்களுக்குரிய விதியைத் தனியாகக் கேட்டறியுங்கள். எப்படியிருந்தாலும் எழுத்துப் பழக்கத்தை இப்போதே தொடங்குவது நல்லது.

பயிற்சிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. பாரிஸ் மெட்ரோவின் கதவுகளில் ஒட்டியிருக்கும் முயல் படத்தைப் பாருங்கள். "ந மே பா தே மான் சுர் லா போர்த்", கதவில் கை வைக்காதே என்று குழந்தையிடம் சொல்கிறது. அதையே பெரியவரிடம் சொன்னால் "ந மெத்தே பா" ஆகும். தெருவில் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தின் அடியில் "ந பா ஜெதே சுர் லா வுவா புப்லிக்" என்று சிறிய எழுத்தில் இருக்கும், பொது வழியில் எறியாதீர் என்று. யாரையும் குறிப்பிட்டுச் சொல்லாத அறிவிப்புகளில் "ந", "பா" இரண்டும் இப்படி வினைக்கு முன்னாலேயே சேர்ந்து நிற்கும். ரயில் நிலையத்தில் "ச த்ரான் ந ப்ரான் பா த வுவாயாஜர்" என்று கேட்டால் அந்த ரயிலில் ஏறாதீர்கள், அது பயணிகளை ஏற்றாது. "ந மார்க் பா லாரே" என்ற சொற்களுக்குப் பின் உங்கள் நிலையத்தின் பெயர் வந்தால், வண்டி அங்கே நிற்காது.

புரியாத தாளில் முதலாளி கையெழுத்துக் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்ட தம்பிக்கு: மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "ஜெ நே பா கொம்ப்ரி" (எனக்குப் புரியவில்லை). "ஜெ ந பெ பா சீன்யே ஓஜூர்துய்" (இன்று என்னால் கையெழுத்திட முடியாது). "ஜெ வெ ல லீர் ஷே முவா" (வீட்டில் வாசித்துப் பார்க்க விரும்புகிறேன்). முகத்தில் கோபம் வேண்டாம், குரலில் தயக்கமும் வேண்டாம். தாளை வாங்கிக்கொண்டு வந்து, பிரெஞ்சு நன்கு தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

தொலைபேசியில் பேசும்போது மறுமுனையில் "ந கித்தே பா" என்று சொல்வார்கள். அழைப்பைத் துண்டிக்காமல் காத்திருங்கள் என்று பொருள். பிறகு இசை ஒலிக்கும். கால் மணி நேரம் ஆனாலும் வைத்துவிடாதீர்கள். வைத்தால் வரிசையின் கடைசியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.