பால்வீதி மையத்தின் பழைய வெளிச்சத்தைத் தளவிளைவு எப்படிக் காட்டிக்கொடுக்கிறது?

கேள்வி:
பால்வீதியின் மையத்தில் இருக்கும் சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் கருந்துளை, சூரியனைப்போல் சுமார் நாற்பது லட்சம் மடங்கு நிறை கொண்டது என்றாலும் இன்று மிக மங்கலாகவே தெரிகிறது. அதன் அருகிலுள்ள மூலக்கூறு மேகங்களோ, குளிர்ந்த வாயுவாக இருந்தும் எக்ஸ் கதிரில் ஒளிர்கின்றன. அது கருந்துளையிலிருந்து சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வெடிப்பில் கிளம்பிய ஒளியின் எதிரொளிப்பு என்பதை ஐஎக்ஸ்பிஇ என்ற எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கி தளவிளைவைக் (ஒளியின் மின்புலம் ஒரே திசையில் அதிர்வதை) கொண்டு காட்டியதாகப் படித்தேன். பிரகாசம் சொல்லாத எதைத் தளவிளைவு சொல்கிறது?

பதில் 1:
ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைச் சொல்கிறது. எக்ஸ் கதிர் மேகத்திலுள்ள எலக்ட்ரான்களில் பட்டுச் சிதறும்போது, ஒளி கிளம்பிய மூலம், மேகம், நாம் ஆகிய மூன்றும் அமையும் தளத்துக்குச் செங்குத்தாக அதன் மின்புலம் நிற்கிறது. எனவே, அளந்த தளவிளைவுத் திசைக்குச் செங்குத்தாக மேகத்திலிருந்து வானில் ஒரு கோடு வரைந்தால், அது மூலத்தின் வழியே செல்ல வேண்டும். 2022இல் எடுத்த அளவீட்டில் கோணம் −48 பாகை, பிழை வரம்பு 11 பாகை. அந்தக் கோடு கருந்துளையின் திசையோடு ஒத்துப்போகிறது.

அளக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு எக்ஸ் கதிர் ஃபோட்டானும் கருவியின் வாயுவில் ஓர் எலக்ட்ரானைத் தட்டி வெளியேற்றுகிறது. அந்த எலக்ட்ரான் பெரும்பாலும் மின்புலத்தின் திசையிலேயே ஓடி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடத்தை விட்டுச்செல்கிறது. அத்தகைய தடங்களை ஏராளமாகச் சேர்த்த பிறகே திசை தெளிகிறது.

பதில் 2:
மேலே உள்ளது சரியே; ஆனால் தளவிளைவின் அளவு (ஒளியில் ஒரே திசையில் அதிரும் பங்கு) 31 சதவீதம், பிழை வரம்பு 11 சதவீதம் என்பதால் எச்சரிக்கை தேவை. இரும்பு அணுக்கள் உறிஞ்சி மீண்டும் உமிழும் 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எக்ஸ் கதிருக்கும், அப்பகுதியில் பரவியுள்ள சூடான பிளாஸ்மாவின் ஒளிக்கும் தளவிளைவு இல்லை. சந்திரா தொலைநோக்கியின் படங்களின் துணையோடு அவற்றைப் பிரித்த பிறகே இந்த எண் கிடைத்தது.

கேட்டவர்:
நன்றி. அந்த 31 சதவீதத்திலிருந்து 200 ஆண்டுகள் என்ற கணக்கு எப்படி வந்தது?

பதில் 1:
தளவிளைவின் அளவு சிதறல் கோணத்தை, அதாவது மேகத்தில் பட்ட ஒளி எவ்வளவு திரும்பி நம்மை நோக்கி வருகிறது என்பதைப் பொறுத்தது: 90 பாகையில் முழுமையாகவும், நேர்க்கோட்டை நெருங்க நெருங்கக் குறைந்தும் இருக்கும். 31 சதவீதத்துக்குச் சுமார் 43 பாகை, 137 பாகை என இரண்டு விடைகள் வருகின்றன. முதலாவதில் மேகம் கருந்துளைக்கு முன்னால் இருக்கிறது, தாமதம் சில பத்தாண்டுகளே. இரண்டாவதில் பின்னால் இருக்கிறது, தாமதம் ஏறத்தாழ 200 ஆண்டுகள். (மையத்திலிருந்து ஒளி நம்மை வந்தடைய ஆகும் சுமார் 26,000 ஆண்டுகளை இதில் சேர்க்கவில்லை, இது சுற்றிவந்ததால் ஏற்பட்ட கூடுதல் தாமதம் மட்டுமே.) முதல் விடை உண்மையானால் அந்த வெடிப்பின் ஒளி சில பத்தாண்டுகளுக்கு முன் நேராகவே நம்மை வந்தடைந்திருக்கும், அப்போது எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகள் மையத்தைக் கவனித்துக்கொண்டிருந்தும் அப்படி எதையும் காணவில்லை.