எங்கள் வீட்டுக் குழுவில்: பிறக்கப்போகும் பெண்ணுக்குப் பெயர்

குழுவின் பெயர்: அந்தாக்யா வீடு (துருக்கியில் எங்கள் சொந்த ஊர் அந்தாக்யா)

நான்: எல்லோரும் இருக்கிறீர்களா? பிரசவ நாள் நெருங்குகிறது. பெண் குழந்தை என்று தெரிந்ததிலிருந்து ஆளுக்கு ஒரு பெயரை எனக்குத் தனித்தனியாக அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். இன்று இங்கேயே பேசி முடித்துவிடலாம். துருக்கியின் மெர்சினில் அம்மா கூப்பிட வேண்டும், லண்டனில் ஆசிரியை கூப்பிட வேண்டும். இருவர் வாயிலும் அது ஒரே பெயராக இருக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

அம்மா: என் விருப்பம் உனக்குத் தெரியுமே. உன் பாட்டியின் பெயர். ஷுக்ரியே.

தம்பி: அம்மா, பாட்டி என்றால் எனக்கும் உயிர்தான். ஆனால் அந்தப் பெயரில் வால் வைத்த எஸ் இருக்கிறது, புள்ளி வைத்த யு இருக்கிறது. இங்கிலாந்தில் வாலும் புள்ளியும் முதல் நாளே உதிர்ந்துவிடும். மீதியை அவரவர் வாய்க்கு வந்தபடி படிப்பார்கள்.

அக்கா: பாஸ்போர்ட்டிலும் அதே கதைதான். அடியில் இயந்திரம் படிக்கிற இரண்டு வரிகளில் ஏ முதல் இசட் வரையிலான எழுத்துகளுக்கு மட்டும்தான் இடம்.

தம்பி: என் பெயரையே பாருங்கள். ஜான் என்றால் உயிர் என்று வைத்தீர்கள். நம் எழுத்தில் 'சி' என்பது ஜகர ஒலி. மான்செஸ்டரில் வேலைக்குச் சேர்ந்த அன்று கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து வாசலில் இருந்தவர் 'கேன்' என்றார். திருத்தினேன். மறுநாள் வேறொருவர் 'கேன்'. இப்போது காபிக் கடையில் பெயர் கேட்டால், கோப்பையில் அவர்கள் ஜே போட்டு எழுதும் ஆங்கில ஜானாகவே இருந்துவிடுகிறேன். ஒலி ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அது என் பெயர் இல்லை. என் மருமகளுக்கு இது வேண்டாம்.

அம்மா: இதை நீ என்னிடம் சொன்னதே இல்லையே, மகனே.

நான்: அதனால்தான் 'எஜே'யையும் விட்டுவிட்டேன், மூன்றே எழுத்துதான் என்றாலும். அவர்கள் வாயில் அது 'ஈஸ்' ஆகிவிடும். 'சாலா'வும் வேண்டாம். நடுவில் இருக்கும் மெல்லிய ஜி அவர்களுக்குக் கல்லாகக் கடிக்கும்.

கணவர்: எல்லோருக்கும் வணக்கம். என் துருக்கியப் பிழைகளை மன்னியுங்கள். எனக்கு 'வில்லோ' பிடித்திருந்தது.

அக்கா: நம் துருக்கிய எழுத்து வரிசையில் 29 எழுத்துகள். 1928இல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியபோது கியூ, டபிள்யூ, எக்ஸ் மூன்றையும் அதில் சேர்க்கவில்லை. நான் வேலை செய்யும் நுஃபுஸ் அலுவலகத்தில், அதாவது மக்கள் பதிவு அலுவலகத்தில், என் மேசைக்கு வில்லோ வந்தால், டபிள்யூவை எடுத்துவிட்டு வேறு எழுத்தைப் போடு என்றுதான் நான் சொல்ல வேண்டியிருக்கும்.

கணவர்: புரிகிறது. 'அய்லா'?

நான்: அம்மாவுக்கும் பிடிக்கும். நிலாவைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டம். ஆனால் இங்கே 'ஐலா' என்று வேறொரு பெயர் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதை ஐ, எஸ், எல், ஏ என்று எழுதுகிறார்கள். எங்கள் பெண் எங்கே போனாலும் 'இல்லை, நான் ஒய் போட்ட அய்லா' என்று விளக்க வேண்டியிருக்கும்.

தம்பி: 'டெனிஸ்'? கடல். ஆணுக்கும் ஆகும், பெண்ணுக்கும் ஆகும்.

கணவர்: எழுத்தில் பார்த்தால் ஆண் பெயர் டென்னிஸ் என்பார்கள். காதில் கேட்டால் டெனீஸ் என்ற பெண் பெயர். அது என் அம்மாவின் தலைமுறைப் பெயர்.

அம்மா: 'எலா' என்று வைத்துப் பிறகு குழந்தைக்குக் கருவிழி இருந்தால்? எலா என்பது தேன் நிறக் கண்ணைச் சொல்வது. எனக்கு ஒப்பவில்லை.

நான்: நானும் இவரும் பேசிப் பேசி ஒன்றில் வந்து நின்றிருக்கிறோம். சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. டெஃப்னே. லாரல் மரம். அந்தாக்யாவை ஒட்டிய ஊரின் பெயரும் அதுதான்.

(சிறிது நேரம் யாரும் எழுதவில்லை.)

அக்கா: நாட்டில் பெண் குழந்தைகளுக்கு இப்போது அதிகம் வைக்கும் பெயர்களில் அதுவும் ஒன்று. பதிவில் எந்தச் சிக்கலும் இல்லை. ஒரு வால் இல்லை, ஒரு புள்ளி இல்லை.

அம்மா: எனக்கு முடியாது. 2023 பிப்ரவரியில் 6ஆம் தேதி நிலநடுக்கத்தில் வீடு போனது. 20ஆம் தேதி மறுபடியும் ஆடியபோது தொலைக்காட்சியில் இரவு முழுவதும் 'டெஃப்னே, மையம் டெஃப்னே' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே என் கை நடுங்குகிறது. அதை வைத்து ஒரு குழந்தையை எப்படிக் கொஞ்சுவேன்?

நான்: அதனால்தான் அம்மா தயங்கினேன். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

சித்தி: நான் ஒன்று சொல்லலாமா? நீ மெர்சினுக்குப் போய்விட்டாய் அக்கா, அதைத் தவறென்று சொல்லமாட்டேன். நான் இங்கேயே இருக்கிறேன். எனக்கு டெஃப்னே என்பது தினமும் போகிற ஊர். ஹர்பியே அருவிப் பக்கம் அந்த மரங்கள் இன்னும் நிற்கின்றன. கிரேக்கர்கள் காலத்திலேயே இந்த இடத்துக்கு இதுதான் பெயர். அப்பல்லோ துரத்தியபோது ஒரு பெண் மரமாக மாறித் தப்பித்தது இங்கேதான் என்று நம் பாட்டி சொல்லவில்லையா? எத்தனையோ நிலநடுக்கங்களைப் பார்த்த பெயர் அது. அதைச் செய்தி வாசிப்பவர்களிடம் விட்டுவிடாதே. ஒரு குழந்தையிடம் கொடு.

சித்தி: இந்தக் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டார் மறுபடியும் கொப்பரை ஏற்றிச் சோப்பு காய்ச்சினார்கள். ஆலிவ் எண்ணெய், டெஃப்னே காயின் எண்ணெய். காய்ந்த கட்டி ஒன்றை நேற்று வெட்டினேன். மேலே மஞ்சள் பழுப்பு, உள்ளே அதே பழைய பச்சை. நீ பிள்ளைகள் மூவருக்கும் தலை தேய்த்தது அதில்தான்.

அக்கா: அந்த வாசனை எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது, சித்தி.

(பிற்பகல்)

தம்பி: அம்மா யோசிக்கட்டும். அதற்குள் என் சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் 'டெஃப்' என்றால் காது கேளாதவர். பள்ளியில் யாராவது அதைப் பிடித்துக்கொள்ள மாட்டார்களா?

கணவர்: அதை நானும் யோசித்தேன். ஆனால் எல்லோருக்கும் தெரிந்த 'டாஃப்னி' அருகிலேயே இருப்பதால் காது அந்தப் பக்கம்தான் போகிறது. லீட்ஸில் இருக்கும் என் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். முதலில் 'டாஃப்னியா?' என்றார். 'இல்லை அம்மா, டெஃப்னே' என்றேன். அடுத்த முறை சரியாகச் சொல்லிவிட்டார். எழுதிக் காட்டியபோதுதான் கடைசி 'இ'யை விழுங்கி 'டெஃப்ன்' என்று படித்தார்.

அக்கா: அப்படியென்றால் க்ளோயி, ஃபீபி எல்லாம் அவர்கள் நாட்டில் வைக்கும் பெயர்கள்தானே? அங்கே கடைசி 'இ'யை விழுங்குவதில்லையே.

கணவர்: அதையேதான் அம்மாவிடம் சொன்னேன். ஒப்புக்கொண்டார்.

தம்பி: அப்படியானால் நேராக 'டாஃப்னி' என்றே ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டால் என்ன?

அக்கா: அது மட்டும் கூடாது. பி, எச் இரண்டையும் நம்மவர்கள் தனித்தனியாகத்தான் படிப்பார்கள். அங்கே ஒரு எழுத்து, தூதரகத்தில் ஒரு எழுத்து என்று வைத்துவிட்டால் குழந்தைக்கு இரண்டு பெயர் ஆகிவிடும். பிறகு விமானத்தில் ஏறும்போதெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டும். இரண்டு பதிவிலும் ஒரே எழுத்து, ஒரே வரிசை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நானும் டெஃப்னே பக்கம்தான்.

கணவர்: ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இரண்டாவது பெயராக என் பாட்டியின் பெயர் வைக்க ஆசை. ஆன்.

தம்பி: அதை நம் ஊரில் எழுத்துப்படி படித்தால் 'அன்னே'. அம்மா என்றல்லவா ஆகிறது!

கணவர்: தெரியும். அதனால்தான் கேட்கவே கூச்சமாக இருந்தது.

அம்மா: இதில் கூச்சம் எதற்கு மகனே? என் பிள்ளைகள் மூவரையும் 'அன்னெம்', என் அம்மா, என்று கூப்பிட்டுத்தான் சோறூட்டினேன். பேத்தியையும் அப்படித்தான் கூப்பிடுவேன். உன் பாட்டி பெயரைத் தாராளமாக வை.

நான்: அம்மா, முதல் பெயர்?

அம்மா: தங்கை எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சமையலறையில் தனியாக நின்று சத்தமாகக் கூப்பிட்டும் பார்த்தேன். முதலில் தொண்டை அடைத்தது. பிறகு வந்தது. வை. ஆனால் என் அம்மாவை விட்டுவிடாதீர்கள்.

நான்: விடவே மாட்டோம். நம் வழக்கப்படி காதில் சொல்லி வைக்கும் தொப்புள் பெயர் ஷுக்ரியே. பதிவேட்டில் வராது, வாலும் புள்ளியும் உதிராது. தம்பி வலது காதில் பாங்கு சொல்லட்டும். நீங்கள் மூன்று முறை பெயரைச் சொல்லுங்கள்.

சித்தி: அதை ஆண்கள்தான் சொல்வார்கள் என்று ஊரில் யாராவது பேசினால் என்னிடம் அனுப்புங்கள்.

அக்கா: நாள் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் பிறப்பைப் பதிய 42 நாள். நம் தூதரகத்தில் 60 நாள். முதலில் அங்கே பதிந்து சான்றிதழ் வாங்குங்கள், அதில் எழுத்தை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகு தூதரகம்.

கணவர்: குறித்துக்கொண்டேன். எழுத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா: அது இருக்கட்டும். எனக்கு விசாவுக்கு அழைப்புக் கடிதம் வேண்டும். இன்றே எழுதி அனுப்புங்கள், குழந்தை பிறப்பதற்குள் நான் அங்கே இருக்க வேண்டும்.