அம்பாசடர் முன்கண்ணாடி மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?
வணக்கம் நண்பர்களே. லாரி டயரிலிருந்து கல் தெறித்து அப்பாவின் அம்பாசடர் முன்கண்ணாடியில் குறுக்கே விரிசல் ஓடிவிட்டது. புது லேமினேட்டட் கண்ணாடி வாங்கிவிட்டேன். இப்போதைய கார்கள் மாதிரி யூரித்தேன் பசையில் ஒட்டியதாக இருந்தால் கடைக்கே விட்டிருப்பேன், இது ரப்பர் பீடிங் (கண்ணாடியைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் பட்டை) என்பதால் தம்பியும் நானும் வீட்டிலேயே மாற்றப் பார்க்கிறோம். பீடிங்கைக் கண்ணாடியில் மாட்டி, அதன் காடியில் (பள்ளத்தில்) கயிறு சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து அழுத்த இன்னொருவர் உள்ளேயிருந்து கயிற்றை இழுத்தால் ரப்பர் கார் பாடியின் தகர விளிம்பு மேல் ஏறி உட்காரும், அதுவரை சரி. மூலையில் கயிறு இறுகினால் கண்ணாடி உடையாமல் எப்படி இழுப்பது? அப்புறம், கீழ் விளிம்புத் தகரம் துருப்பிடித்து விரலில் பொடியாக உதிர்கிறது. தேய்த்து பிரைமர் அடித்தால் போதுமா, வெல்டிங் வைக்க வேண்டுமா? பழைய பீடிங் விறைத்துவிட்டது, புதியது எங்கே நல்லதாகக் கிடைக்கும்? மழைக்கு முன் முடிக்க வேண்டும், செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.